எண்ணி விளையாடுவோம் வாரீர்!

கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே நினைவுக்கு வருகின்றன. வகுப்பு முழுவதும் பார்த்துக் கொண்டிருக்க, தனியே எழுந்து நின்று விடை சொல்ல வேண்டுமே என்ற அச்சமும் உடன் வருகிறது. வாழ்க்கையிலோ எண்ணிக்கை என்பது பெரும்பாலும் பலர் கூடிச் செய்கின்ற வேலையாகவே இருக்கிறது. காசிமேட்டில் படகிலிருந்து மீன்கூடைகள் இறங்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார், மற்றொருவர் வாங்கி வைக்கிறார், மூன்றாமவர் எண்ணுகிறார். இராயபுரம் கடைத்தெருவில் மூட்டை இறக்குவோரும் அப்படியே. ஒருவர் சொன்ன எண்ணை மற்றவர் காதில் வாங்கி அடுத்த எண்ணுக்குச் செல்வதே எண்ணிக்கையின் இயல்பு.

அந்த இயல்பை விளையாட்டாக்கினால் கணக்கின்மேல் உள்ள அச்சம் குறையும் என்பது எங்கள் கணித மன்றத்தின் நம்பிக்கை. எண் வரிசைகளைக் கொண்டு வட்டமாக நின்று ஆடக்கூடிய நான்கு ஆட்டங்களை இங்கே விளக்குகிறோம். இவற்றுக்குச் செலவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கையர் முதல் மேல்நிலை வகுப்பு அக்காமார் வரை யாவரும் கலந்து கொள்ளலாம். ஆட்டத்தோடு அதன் கணக்கையும் சேர்த்தே சொல்கிறோம். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் உண்டு. ஆடும்போது ஒருத்தி தவறிவிட்டால் அவளை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தே ஆட்டம் பயன் தரும் அல்லது பயனற்றுப் போகும்.

நம் வீட்டு எண்ணிக்கைகள்

எண்ணும் ஆட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையையோ சோழியையோ குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே செல்வார்கள். ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அதற்குப் 'பசு' என்று பெயர்; குழிக்கு உரியவள் அதை எடுத்துக் கொள்வாள். கை போட்டுக்கொண்டு போகும்போதே கண் அடுத்த குழிகளை எண்ணிவிட வேண்டும்.

சிறுமியர் தெருவில் ஆடும் பூ ஆட்டமும் ஓர் எண் வரிசைதான். இருவர் கை கோத்து வளைவு போல் நிற்க, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதனுள் நுழைந்து செல்வார்கள். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினால் எத்தனை பூ என்று பாட்டிலேயே எண் ஏறிக்கொண்டு போகும். பத்து வந்ததும் வளைவு மூடிக் கொள்ளும்.

இன்னும் ஒரு வழக்கத்தைப் பெற்றோர்கள் நன்கு அறிவார்கள். மரக்காலால் நெல் அளப்பவர் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. 'லாபம்' என்று தொடங்கி, பின் 'இரண்டு, மூன்று' என்று தொடர்வார். ஓர் எண்ணைச் சொல்லாமல் அதற்குப் பதிலாக வேறொரு சொல்லைச் சொன்னாலும், அந்த எண்ணின் இடம் காலியாகிவிடுவதில்லை. எல்லோரும் அதை மனத்திற்குள் எண்ணிக் கொள்கிறார்கள். நாம் சொல்லப் போகும் முதல் ஆட்டத்தின் உயிர்நாடி இதுவே.

முதல் ஆட்டம்: ஏழுக்குக் கைதட்டு

ஆங்கிலேயர் வீடுகளில் 'பஸ்' என்ற பெயரில் ஆடப்பட்ட பழைய ஆட்டம் இது. வண்டின் ரீங்காரத்தைக் குறிக்கும் சொல் அது. நாம் ரீங்காரத்திற்குப் பதிலாகக் கைதட்டுவோம்.

மாணவியர் வட்டமாக நிற்க வேண்டும். முதல்வள் 'ஒன்று' என்று தொடங்க, அடுத்தவள் 'இரண்டு' என்பாள். இப்படியே எண் சுற்றி வரும். 7இன் மடங்கு வந்தாலும், 7 என்ற இலக்கம் உள்ள எண் வந்தாலும் எண்ணைச் சொல்லாமல் கை தட்ட வேண்டும். எனவே 6க்கு அடுத்தவள் தட்டுவாள். அதற்கு அடுத்தவள் 'எட்டு' என்பாள். 14, 17, 21 ஆகியவற்றுக்கும் தட்டு.

சொல்வதற்கு எளிது, ஆடிப் பார்த்தால்தான் அருமை தெரியும். 26க்குப் பிறகு இரண்டு தட்டு அடுத்தடுத்து வரும். 27இல் ஏழு இருக்கிறது. 28 ஏழின் மடங்கு. 34க்குப் பின் ஒரு தட்டு, பிறகு 36, மீண்டும் ஒரு தட்டு. எல்லாவற்றிலும் கடினமானது 69க்குப் பிறகு. 70 முதல் 79 வரை தொடர்ந்து பத்துத் தட்டுகள். வட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அத்தனை பேரும் மனத்திற்குள் எண்ணிக்கொண்டிருந்தால்தான் பதினோராவது மாணவி தயங்காமல் 'எண்பது' என்பாள்.

நூறு வரை எண்ணினால் மொத்தம் எத்தனை தட்டு? 7இன் மடங்குகள் 14. ஏழு என்ற இலக்கம் உள்ள எண்கள் 19. அதாவது 7, 17, 27 என ஒன்றாம் இடத்தில் ஏழு வருபவை 10, எழுபதுகளில் வருபவை 10, இரண்டிலும் வரும் 77ஐ ஒருமுறை கழித்தால் 19. 7, 70, 77 ஆகிய மூன்றும் மடங்குகளிலும் உண்டு, இலக்கப் பட்டியலிலும் உண்டு. அவற்றை இருமுறை எண்ணக்கூடாது. ஆகவே 14 + 19 − 3 = 30. வெட்டுக்கணம், சேர்ப்புக்கணம் என்று கணவியல் பாடத்தில் படிப்பதன் செயல்முறை விளக்கமே இது. ஒரு மாணவி நடுவில் அமர்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வரட்டும். நூறு வரும்போது கிண்ணத்தில் முப்பது கொட்டைகள் இருக்க வேண்டும்.

எத்தனை பேர் நிற்க வேண்டும்?

இதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பன்னிருவர் நின்றால் 7இன் மடங்குகள் யார் யாருக்கு வரும் என்று பாருங்கள். 7ஆம் மாணவி, பின் 2ஆம் மாணவி, பின் 9, 4, 11, 6, 1, 8, 3, 10, 5, 12. கடிகாரத்தின் பன்னிரண்டு எண்களையும் ஒன்று விடாமல் தொட்டுவிட்டோம். 84 வரும்போது ஒவ்வொருத்தியும் ஒருமுறை தட்டியிருப்பாள். 84 என்பது 7, 12 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு.

பதினால்வர் நின்றாலோ, அந்த மடங்குகள் எப்போதும் 7ஆம் மாணவிக்கும் 14ஆம் மாணவிக்கும்தான் வரும். பத்துப் பேர் நின்றால் 7, 17, 27 என்று ஏழில் முடியும் எண்கள் அனைத்தும் ஒரே மாணவியின் தலையில் விழும். மற்றவர்கள் தவறாமல் ஆடினார்கள் என்றால் அதற்குக் காரணம் அவர்கள் திறமை மட்டுமல்ல, நின்ற இடம். 7, 10 ஆகிய இரண்டோடும் 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண்ணிக்கையில் நின்றால் ஆட்டம் நேர்மையாக அமையும். 9, 11, 13, 17, 19 ஆகியவை அத்தகையவை. மீப்பெரு பொது வகுத்தி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் தங்கையருக்கு இது ஒரு பதில்.

தவறியவளை என்ன செய்வது?

இந்த ஆட்டத்தை வழக்கமாக ஆடும் முறையில் ஒரு விதி உண்டு: தவறியவள் வெளியேற வேண்டும். கடைசி வரை நிற்பவளே வெற்றி பெற்றவள். இந்த விதியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஏழாம் வாய்ப்பாடு யாருக்குச் சரியாக வரவில்லையோ அவள் 14இலோ 21இலோ தவறிவிடுவாள். உடனே வெளியே சென்று சுவரோரம் உட்கார்ந்து விடுவாள். அவளுக்கு 35ஐயும் 49ஐயும் கேட்டுப் பழகும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தவளோ இறுதி வரை நின்று மேலும் மேலும் பயிற்சி பெறுகிறாள். பயிற்சி யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவளுக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும்படி அந்த விதி அமைந்திருக்கிறது! உடல்நலமில்லாதவரை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, நலமாக இருப்பவர்களுக்கு மருந்து கொடுத்தால் எப்படி இருக்கும்?

சுவரோரம் உட்கார்ந்த பெண் மற்றொன்றையும் அங்கே கற்றுக் கொள்கிறாள். 'கணக்கு எனக்கு வராது' என்பதே அது. ஒன்பது வயதில் அப்படிச் சொல்லத் தொடங்கியவள், மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலும் அதையே சொல்கிறாள். அன்று அவள் விலக்கி வைப்பது ஒரு பாடத்தை மட்டுமன்று. அந்தப் பாடம் திறந்துவிடக் கூடிய பல வேலைகளையும் சேர்த்துத்தான்.

ஆகவே நாங்கள் விதியை மாற்றிக் கொண்டோம். தவறியவள் வெளியே போக வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவள் 'மறுபடி!' என்று மட்டும் சொல்ல வேண்டும். விடையைச் சொல்லித் தரக்கூடாது, சிரிக்கவும் கூடாது. ஆட்டம் அதற்கு முந்தைய பத்தின் மடங்குக்குத் திரும்பும். 57இல் தவறினால் 50இலிருந்து அதே மாணவியர் அதே எண்களைச் சொல்லி வருவார்கள். 57 அவளிடமே திரும்பி வரும். இம்முறை அவள் தட்டுவாள். வட்டம் முழுவதும் சேர்ந்து எத்தனை முறை திரும்பாமல் எதுவரை சென்றது என்பதே மதிப்பெண். இரண்டு வகுப்புகள் போட்டியிட விரும்பினால் இரண்டு வட்டங்களாக நின்று ஆடலாம். அங்கும் வெற்றி வட்டத்திற்கே.

இப்படி ஆடும்போது ஒன்றைக் கவனித்தோம். வாய்ப்பாடு நன்கு தெரிந்தவர்கள் தங்கள் முறை முடிந்ததும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் நிற்பவள் தவறிவிடக்கூடாதே என்று அவளுக்காகவும் எண்ணுகிறார்கள். கணக்கு நன்றாக வந்தவளுக்கு இது பெரிய பாடம்.

இரண்டாம் ஆட்டம்: வலை

இராயபுரம் புனித பேதுருவின் பெயரால் கோயில் கொண்ட ஊர். மீனவர் வாழும் ஊர். எனவே இந்த ஆட்டத்திற்கு வலை என்றே பெயர் வைத்தோம். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் சீமோன் பேதுரு வலையைக் கரைக்கு இழுக்கிறார். அதில் 153 பெரிய மீன்கள் இருந்தன என்றும், அத்தனை இருந்தும் வலை கிழியவில்லை என்றும் கூறப்படுகிறது. யாரோ ஒருவர் அமர்ந்து பொறுமையாக எண்ணியிருக்கிறார்!

1இலிருந்து 17 வரை உள்ள எண்களைக் கூட்டினால் 153 வரும் என்பதைப் புனித அகுஸ்தீனார் எடுத்துக் காட்டியிருக்கிறார். கூட்டிப் பார்க்க எளிய வழி உண்டு. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தால் 18. அதை 17ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க, 153. இப்படி 1, 1+2, 1+2+3 என்று கூட்டிக்கொண்டு வரும் 1, 3, 6, 10, 15, 21 போன்றவற்றை முக்கோண எண்கள் என்பர். புளியங்கொட்டைகளை முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என அடுக்கினால் முக்கோணம் கிடைக்கும்.

இனி ஆட்டம். முதல்வள் 3இன் மடங்கு ஏதேனும் ஒன்றைச் சொல்லட்டும். அடுத்தவள் அந்த எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் மும்மடிப் பெருக்கம் செய்து கூட்டிச் சொல்ல வேண்டும். அதற்கடுத்தவள் அந்த விடையை அப்படியே செய்ய வேண்டும். 12 என்று தொடங்கினால், 1இன் மும்மடியும் 2இன் மும்மடியும் சேர்ந்து 9. அடுத்தது 729. அடுத்தது 343 + 8 + 729 = 1080. அடுத்தது 1 + 512 = 513. அடுத்தது 125 + 1 + 27 = 153. அதற்கு மேல் எத்தனை பேர் செய்தாலும் 153தான்; ஏனெனில் 1 + 125 + 27 = 153.

15இல் தொடங்கினால் வழி நீளம்: 126, 225, 141, 66, 432, 99, 1458, 702, 351, 153. பத்துப் பேர் கை மாறி வந்தாலும் முடிவு அதே இடம். 3இன் மடங்கு எதுவாயினும் இந்த வலையில் வந்து சேர்ந்தே தீரும், ஒன்றும் நழுவுவதில்லை.

நடுவில் ஒருத்தி தவறாகக் கூட்டிவிட்டால் எப்படித் தெரியும்? வழியில் வரும் ஒவ்வோர் எண்ணும் 3ஆல் வகுபட வேண்டும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை 3ஆல் வகுபடாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. முந்தைய எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கலாம். பெரும்பாலான பிழைகளை இந்தச் சோதனை பிடித்துவிடும்.

மூன்றாம் ஆட்டம்: குறிலும் நெடிலும்

இது தமிழ் ஆசிரியைகளுக்கும் பிடித்த ஆட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். மெய்யெழுத்தின் அரை மாத்திரையை இங்கே சேர்ப்பதில்லை. 'த' என்ற குறிலையும் 'தா' என்ற நெடிலையும் மட்டும் கொண்டு நான்கு மாத்திரை அளவுள்ள ஓசைகளை எத்தனை விதமாக அமைக்கலாம்? வட்டத்தில் ஒவ்வொருத்தியும் புதிதாக ஒன்றைச் சொல்லித் தட்ட வேண்டும். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது.

தததத, தததா, ததாத, தாதத, தாதா. ஆக ஐந்து. மூன்று மாத்திரைக்கு ததத, ததா, தாத என மூன்று. இரண்டு மாத்திரைக்குத் தத, தா என இரண்டு. ஒரு மாத்திரைக்குத் த ஒன்றே. 1, 2, 3, 5 என வரிசை வளர்கிறது. அடுத்தது என்ன?

ஐந்து மாத்திரை ஓசை ஒன்றின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அது குறிலாக இருந்தால் அதற்கு முன்னால் நான்கு மாத்திரை இருக்கும். அதற்கு ஐந்து வழி. நெடிலாக இருந்தால் முன்னால் மூன்று மாத்திரை. அதற்கு மூன்று வழி. ஆக 5 + 3 = 8. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கிறது. இத்தாலி நாட்டுப் பிபோனாச்சி 1202ஆம் ஆண்டு எழுதிய நூலில் முயல்கள் பெருகும் கணக்காக இந்த வரிசையைக் கொடுத்ததால், அவர் பெயராலேயே உலகம் இதை அழைக்கிறது. அவருக்கு முன்பே 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரரும், அவருக்கும் முற்பட்ட விரகாங்கரும் நாம் இப்போது செய்தது போலவே செய்யுளின் குறில் நெடில்களை எண்ணி இந்த விதியைக் கண்டிருந்தனர்.

ஐந்து மாத்திரைக்கு வட்டத்தில் ஏழு ஓசைகள் மட்டுமே வந்து நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 'அவ்வளவுதான்' என்று கலைந்துவிட முடியாது. எட்டு வர வேண்டும் என்று வரிசை சொல்கிறது. ஒன்று விடுபட்டிருக்கிறது, அதைத் தேட வேண்டும். யாரும் கவனிக்காத அந்த எட்டாவதைக் கண்டுபிடிப்பவள் பல சமயங்களில் அதுவரை பேசாமல் இருந்தவளாகவே இருப்பாள்.

நான்காம் ஆட்டம்: கண்டெய்னர்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் கண்டெய்னர் லாரிகளைப் பாராத மாணவி நம்மில் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. அந்த லாரிகள் கடந்து போகட்டும் என்று நாம் காத்து நிற்கும் நேரத்தையும் கணக்காக்கலாம். சாலையோரம் பாதுகாப்பாக ஒதுங்கி நின்றே எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தங்கையருக்கு வலியுறுத்துகிறோம்.

ஒவ்வொரு கண்டெய்னரின் மேலும் நான்கு ஆங்கில எழுத்துகளும், ஆறு இலக்கங்களும், அதன்பின் சிறு கட்டத்திற்குள் ஓர் இலக்கமும் இருக்கும். கட்டத்திற்குள் இருப்பது சரிபார்ப்பு எண். மற்றப் பத்தும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அது காட்டிவிடும். உலகம் முழுவதற்கும் ஒரே விதிதான்.

பத்துப் பேர் வரிசையாக நில்லுங்கள். முதல்வளின் பெருக்கு எண் 1, அடுத்தவளுடையது 2, பின் 4, 8, 16, 32, 64, 128, 256, 512. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டை. எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. ஏ என்றால் 10. அடுத்த எழுத்துகளுக்கு ஏறுவரிசையில் எண் கொடுத்து வர வேண்டும். 11இன் மடங்குகளான 11, 22, 33 ஆகியவற்றை மட்டும் விட்டுவிட வேண்டும். எனவே பி 12, சி 13, கே 21, எல் 23, கியூ 28, எஸ் 30, யு 32, வி 34.

எடுத்துக்காட்டாக 'சி எஸ் கியூ யு 305438' என்பதைக் கொள்வோம். அவரவர் தம் எழுத்தின் மதிப்பையோ இலக்கத்தையோ தம் பெருக்கு எண்ணால் பெருக்கிச் சொல்ல வேண்டும்: 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096. கூட்டினால் 6185. 11ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்திற்குள் 3 இருந்தால் எண் சரி. மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவது மரபு.

இந்த எண்ணைத் தொலைபேசியில் ஒருவர் சொல்ல, மற்றவர் 'ஃபைவ்' என்பதை 'நைன்' என்று கேட்டு எழுதிவிட்டால்? கூட்டுத்தொகை 6441 ஆகும், மீதி 6. பிழை தெரிந்துவிட்டது. 54 என்பதை 45 என்று மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை 6249, மீதி 1. அதுவும் தெரிந்துவிட்டது.

இந்த விதியை வகுத்தவர்கள் 'பிழை செய்பவர் யாரும் துறைமுகத்தில் வேலை செய்யக்கூடாது' என்று சொல்லவில்லை. மனிதர் எவரும் எண்ணைத் தவறாகக் கேட்கக்கூடும், தவறாக எழுதக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பிழையைப் பிடிப்பதற்கென்றே ஓர் இலக்கத்தைச் சேர்த்து வைத்தார்கள். சரக்கும் போய்ச் சேருகிறது. எழுதியவரும் திருத்திக் கொள்கிறார். நம் வட்டத்தில் ஒலிக்கும் 'மறுபடி' என்ற சொல்லும் அத்தகைய ஒரு சரிபார்ப்பு எண்தான்.

துறைமுகத்தில் ஓர் எழுத்தர்

இந்தத் துறைமுகத்தோடு தொடர்புடைய மாபெரும் கணித மேதை ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சீனிவாச ராமானுஜன் கும்பகோணத்தில் கல்லூரிக் கல்வியைத் தொடங்கினார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தேர்வு என்ற ஆட்டத்தின் விதிப்படி அவர் வெளியேற்றப்பட்டவர்.

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். ராமானுஜனோடு அமர்ந்து கணக்குகளைப் பற்றி உரையாடியவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவளித்தார். அங்கே வேலை பார்த்துக் கொண்டிருந்தபோதுதான் 1913ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் புகழ்பெற்ற கடிதத்தை ராமானுஜன் எழுதினார். 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தேர்வில் தேறாதவருக்கு ஒரு நாற்காலியும், அவர் சொல்வதைக் கேட்க ஒரு காதும் இந்த ஊரில் கிடைத்திராவிட்டால் உலகம் எவ்வளவு இழந்திருக்கும்!

அவர் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது ஹார்டி தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இல்லை, இரண்டு மும்மடிகளின் கூட்டுத்தொகையாக இருவிதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று ராமானுஜன் விடையளித்தார். 1 + 1728 என்றும் எழுதலாம், 729 + 1000 என்றும் எழுதலாம். நம் ஏழாம் எண் ஆட்டத்திலும் அந்த எண்ணுக்குப் பெருமை உண்டு. 1729இல் ஏழு என்ற இலக்கம் இருக்கிறது; 7 × 247 = 1729 என்பதால் அது ஏழின் மடங்கும்கூட. இரண்டு காரணத்தாலும் கை தட்ட வேண்டிய எண் அது!

ராமானுஜன் பெயரால் ஒரு கணித அருங்காட்சியகம் 1993ஆம் ஆண்டு நம் இராயபுரத்திலேயே, அவ்வை கலைக் கழகத்தில் தோன்றியது. அதற்கு உறுதுணையாக நின்றவர் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன் அவர்கள். எண்களின் ஒழுங்கைக் குழந்தைகள் விளையாடியே கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக உழைத்து, நாட்காட்டியை வைத்தே எண் விளையாட்டுகளை எழுதியவர். 2005ஆம் ஆண்டு மறைந்த அப்பெருமகனாரின் வழியில்தான் நாமும் சிறு அடி எடுத்து வைக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மின்சாரம் போன மாலையில் மொட்டை மாடியில் நால்வர் அமர்ந்தாலே முதல் ஆட்டத்தை ஆடலாம், விளக்கு வேண்டியதில்லை. அம்மாவும் பாட்டியும் சேர்ந்து கொள்ளுங்கள். மீனை எண்ணி விற்றவர்களும், சீட்டுக் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவர்களும் நம் வீடுகளில் உண்டு. 'எனக்கென்ன கணக்குத் தெரியும்' என்று அவர்கள் ஒதுங்கினால் விடாதீர்கள். குழந்தை தவறினால் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் 'மறுபடி' என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கையரே, வட்டத்தில் நிற்கும் வரை தவறைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஆகவே வட்டத்தை விட்டுப் போகாதீர்கள். யாரையும் போக விடாதீர்கள். கை கோத்து நில்லுங்கள். ஒன்றிலிருந்து தொடங்குவோம்!

செய்து பாருங்கள்

1. ஏழுக்குப் பதிலாக ஐந்தை வைத்து ஆடினால் நூறு வரை எத்தனை தட்டு?
2. பதினைந்து பேர் நின்று 6இன் மடங்குகளுக்கு மட்டும் தட்டினால் எத்தனை பேருக்குத் தட்டும் வாய்ப்பு வரும்?
3. வலை ஆட்டத்தில் 18 எத்தனை படிகளில் 153ஐ அடையும்?
4. ஆறு மாத்திரைக்கு எத்தனை ஓசைகள்?

விடைகள்: 1) 28. 2) ஐவருக்கு மட்டும். 3) இரண்டு. 4) 13.